ஏழாவது பாத்தி

ராத்திரி பத்து மணி. நரேலாவிலிருந்து பல்லா பக்கம் போகிற கரை ரோடு. இந்தப் பக்கம் கோதுமை வயல், அந்தப் பக்கம் யமுனைப் படுகை. பனி இறங்கிவிட்டால் சைக்கிளின் முன் சக்கரம்கூட மிதிப்பவன் கண்ணுக்குத் தெரியாது. லாரி வந்தால் முதலில் சத்தம்தான் வரும்... வெளிச்சம் அப்புறம்தான்.

அந்த ரோட்டில் ஒரு சைக்கிள். மிதிப்பவன் ஜெயபால். கேரியரில் உட்கார்ந்திருப்பவன் அவனுடைய தங்கை புருஷன் சிவஞானம். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, அதன்மேல் யாரோ கொடுத்த பழைய ஸ்வெட்டர், கழுத்தில் துளசி மாலை. சபரிமலைக்கு மாலை போட்டுப் பத்தொன்பது நாள் ஆகிறது. டில்லி டிசம்பர் குளிரில் கால் இரண்டும் வெறுங்கால்.

நெருப்புக்குக் கிட்டத்தில் வந்து உட்காருங்கள். கம்பளியை நன்றாக இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். இது கட்டிய கதை இல்லை. டைல்ஸ் ஒட்டுகிற வேலு இருக்கிறாரே, அவருடைய பெரியம்மா மகன்தான் இந்த ஜெயபால். கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்கள். இங்கே குடிசையை இடித்த பிறகு நரேலாவில் நாலாவது மாடியில் வீடு கிடைத்துப் போனவர்கள்.

ஜெயபால் மிதித்துக்கொண்டே கேட்டான்: "இன்னா சாமி, காலு இருக்குதா, கழண்டு வுழுந்துடுச்சா?"

"இருக்குது மச்சான். எங்க இருக்குதுன்னுதான் தெரியல."

"ஒரு சாக்ஸ் போட்டா ஐயப்பன் கோச்சுக்குவாரா?"

"அவரு கோச்சுக்க மாட்டாரு. உன் தங்கச்சி கோச்சுக்குவா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

கரை ரோட்டை விட்டு இறங்கினால் ஒரு பண்ணை. பிளாஸ்டிக் கூரை போட்ட பெரிய கூடாரம், பாலிஹவுஸ். உள்ளே இருபது பாத்தி ஸ்ட்ராபெரி. மூடின இடம், ஈரம், குளிர். இலையில் மாவு பிடிக்கும். கோதுமை மாவைச் சலித்துத் தூவினால் எப்படி இருக்கும், அப்படி வெள்ளையாக. புத்தகத்தில் அதைச் சாம்பல் நோய் என்று போட்டிருக்கிறது. வேலை செய்கிறவர்களுக்கு அது மாவுதான். ஒரு இலையில் வந்தால் ஒரு வாரத்தில் பாத்தியே போய்விடும். மருந்து அடித்த பழம் வேண்டாம் என்று வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டதால் முதலாளி விளக்கு வாங்கிப் போட்டார். புற ஊதா விளக்கு. பண்ணையில் அதற்குப் பெயர் நீல லைட்டு.

பாத்திகளுக்கு மேலே நீளமாக ஒரு இரும்புச் சட்டம். அதில் வரிசையாகக் குழல் விளக்குகள். இரண்டு பக்கமும் குழாய், குழாயில் சக்கரம். வெளியே நின்று சுவிட்சைப் போட்டால் சட்டம் தானாக முதல் பாத்தியிலிருந்து இருபதாவது பாத்திவரை ஊர்ந்து போகும், திரும்பி வரும். செடிக்கும் விளக்குக்கும் ஒன்றரை முழம்தான் இடைவெளி. ஒரு சக்கரத்துக்கு எண்ணெய் போதாது. கீ... கீ... கீ... என்று கேட்டுக்கொண்டே இருக்கும். விளக்கு எரியும்போது ஒரு வாசனை வரும். இடி விழுந்த இடத்தில் வருமே, அது. அதோடு லேசாக முடி கருகின நாற்றம்.

சுடுமா என்கிறாயா? சுடாது. அதில் மோசமே அதுதான். உடம்பில் பட்டால் ஒன்றும் தெரியாது. நாலு மணி, ஐந்து மணி நேரம் கழித்துத்தான் தோல் எரியும். கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். கண்ணைத் திறக்கவே முடியாது. வெல்டிங் வேலை செய்தவர்களைக் கேள், சொல்வார்கள்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் ஸ்ரீவத்ஸன். செடிகளுக்கு டாக்டர் மாதிரி. வாரம் ஒருமுறை வருவார். ஜனக்புரியில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும்.

"ஜெயபால், ரெண்டு விஷயம். லைட் ஆன் ஆனா உள்ள யாரும் கூடாது. கோயி நஹீ. அப்புறம் லைட் முடிஞ்சா நாலு மணி நேரம் இருட்டு. மொபைல் டார்ச்கூட நோ. வெளிச்சம் பட்டா ஃபங்கஸ் தன்னையே ரிப்பேர் பண்ணிக்கும். அப்புறம் நம்ம வேலை எல்லாம் பேகார்."

அதனால்தான் ராத்திரி வேலை. பத்து மணிக்கு ஐந்து பேர் உள்ளே போவார்கள். ஜெயபால், சிவஞானம், மூன்று பீகார் ஆட்கள். நெற்றியில் சின்ன லைட்டைக் கட்டிக்கொண்டு செத்த இலைகளைக் கிள்ளுவார்கள். பதினொன்றரைக்கு எல்லோரும் வெளியே. ஜெயபால் சுவிட்சைப் போடுவான். இரண்டு மணிக்கு அது தானாக அணையும். காலை ஆறு வரைக்கும் உள்ளே யாரும் போகக் கூடாது, வெளிச்சம் காட்டக் கூடாது.

எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று ஜெயபால் எப்படிப் பார்ப்பான்? செருப்பை வைத்து. வெளி மண் உள்ளே வரக் கூடாது என்பதால் வாசலில் ஒரு பலகை போட்டிருந்தது. அதில் செருப்பை விட்டு, மருந்துத் தண்ணீர்த் தட்டில் காலை நனைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வெளியே வருகிறவன் தன் செருப்பை மாட்டிக்கொண்டு போவான். பலகை காலி என்றால் உள்ளே ஆள் இல்லை. யாரும் சொல்லித் தந்ததில்லை, ஜெயபாலாகக் கண்டுபிடித்த வழி. இரண்டு வருஷம் அதில் ஒரு தப்பும் வந்ததில்லை.

சிவஞானம் மாலை போட்டுச் செருப்பை விட்ட பிறகு பத்தொன்பது நாளாக ஜெயபால் ஞாபகமாக உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பான். "சாமி, வந்துட்டியா?" "வந்தாச்சு மச்சான்." அதற்கப்புறம்தான் சுவிட்ச்.

அந்த ராத்திரி குளிர் எலும்பைத் தொட்டது. பதினொன்றரைக்குப் பீகார் ஆட்கள் மூன்று பேரும் ஓடிப்போய் அறையில் படுத்துவிட்டார்கள். ஜெயபால் தன் செருப்பை மாட்டினான். பலகையைப் பார்த்தான். காலி.

சுவிட்சைப் போட்டான்.

அவ்வளவுதான் நடந்தது. பெரிய சண்டை, பகை, ஒன்றும் கிடையாது. ஒரு நாள் குரல் கொடுக்க மறந்தான்.

சிவஞானம் பகலில் கட்டடத்தில் கம்பி கட்டுவான், ராத்திரி இங்கே. விடிகாலை நாலரைக்குப் பச்சைத் தண்ணீரில் குளியல், பூஜை. ஒருவேளைச் சாப்பாடு. மனுஷன் நின்றுகொண்டே தூங்குகிற நிலையில் இருந்தான். ஏழாவது பாத்தியில் நோய் வந்த செடிகளைப் பிடுங்கி, ஓர் ஆள் நீளத்துக்கு வைக்கோல் பரப்பி வைத்திருந்தார்கள். கூடாரத்துக்குள் வெளியேபோலக் குளிர் கிடையாது. ஐந்து நிமிஷம் என்று படுத்திருப்பான். நெற்றி லைட்டையும் அணைத்திருப்பான், சார்ஜ் போய்விடும் என்று.

சிவஞானம் பீகார் ஆட்களோடு படுத்திருப்பான் என்று நினைத்து, ஜெயபால் வாசலுக்குப் பக்கத்துத் தகர அறையில் படுத்திருந்தான். கீ... கீ... கீ... கேட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டு தாண்டி அந்தச் சத்தம் நின்றது.

சட்டம் எங்கோ சிக்கிக்கொண்டது என்று அவனுக்குத் தெரிந்தது. எழுந்து போய் அணைத்துவிட்டுப் பார்த்திருக்கலாம். போர்வை அப்போதுதான் சூடாகியிருந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிப் படுத்தான்.

நாலரை மணிக்குக் கரை ரோட்டில் ஒரு லாரி பிரேக் போடுகிற சத்தம் கேட்டது. நீளமாக... அப்புறம் ஒன்றும் இல்லை.

கூடாரத்தின் பின்பக்கப் பிளாஸ்டிக் திரை விலகியிருந்தது. அங்கிருந்து ரோடுவரை பனியில் நனைந்த மண்ணில் வெறுங்கால் தடம். நேராகப் போகவில்லை. வரப்பில் இடித்துக்கொண்டு, முள்வேலியில் உரசிக்கொண்டு, வளைந்து வளைந்து போயிருந்தது. கண் தெரியாதவன் நடந்த தடம். ஜெயபால் ஓடிப்போய்ப் பார்த்தபோது, லாரியில் அடிபட்டுச் செத்துக் கிடந்த சிவஞானத்தின் முகம் வேகவைத்தது போலச் சிவந்திருந்தது. இமை இரண்டும் வீங்கி மூடியிருந்தன. ஜெயபாலுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. திரும்பி வந்து முதல் வேலையாகக் காலால் அந்தத் தடங்களைத் தேய்த்தான்.

ஏழாவது பாத்திக்கு மேலேதான் சட்டம் நின்றிருந்தது. ஒயர் குழாயில் சுற்றியிருந்தது. எடுத்துவிட்டான்.

போலீஸ் கேட்டது. "பதினொன்றரைக்கே வெளியே போய்விட்டான். எங்கே என்று சொல்லவில்லை" என்று இந்தியில் சொன்னான். மூஞ்சி ஏன் இப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். லாரியின் ரேடியேட்டர் தண்ணீர் கொட்டியிருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். பனி, கறுப்பு வேட்டி, இருட்டு. கேஸ் முடிந்தது.

தங்கை வடிவுக்கும் அதையேதான் சொன்னான்.

வடிவு அழுதாள், அப்புறம் நிறுத்தினாள். பத்தாம் நாள் காரியம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பதினொண்ணரைக்குக் கெளம்பினாரு. நாலரைக்கு லாரி. நடுவுல அஞ்சு மணி நேரம் எங்கண்ணா இருந்தாரு?"

"தெரியலம்மா."

அவளுக்குத் தெரியாததைக் காலனிக்காரர்கள் தெரிந்துகொண்டார்கள். மாலையைப் போட்டுக்கொண்டு ராத்திரி ஐந்து மணி நேரம் ஒருத்தன் எங்கே போவான்? பாட்டில் வாங்கப் போனான் என்றார்கள். அலிப்பூரில் ஒருத்தி இருக்கிறாள் என்றார்கள். "விரதத்துல தப்பு பண்ணினான், சாமி கணக்கத் தீத்துட்டாரு" என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் வடிவின் காதுபடவே ஒருத்தி சொன்னாள். அவன் கழுத்து மாலையைக் குருசாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் கையால் வாங்கவில்லை. தரையில் வைக்கச் சொன்னார்.

வடிவு தரையில் வைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் அழவில்லை, சிரிக்கவில்லை. சோறு ஆக்கினாள். துணி துவைத்தாள். கேட்டால் பதில் சொன்னாள். நடுநடுவே அந்தக் கேள்வியை மட்டும் கேட்டாள். மழை வருமா என்று கேட்கிற குரலில். "அஞ்சு மணி நேரம் எங்கண்ணா இருந்தாரு?"

ஜெயபால் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும். ஜெயில் வந்தாலும் வரும். அதைவிட, இவள் இனி அண்ணா என்று கூப்பிடுவாளா? கூடப் பிறந்தவள் என்று அவனுக்கு டில்லியில் இருந்தது இவள் ஒருத்திதான். "தெரியலம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

"அவரு வேலைய எனக்குக் கேட்டுக் குடு" என்றாள் ஒருநாள்.

"ராத்திரி வேலைம்மா. உனக்கு எதுக்கு?"

"ராத்திரியில மட்டும் நான் தூங்கறனா?"

முதலாளிக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. சேர்த்துக்கொண்டார். இப்போது ஜெயபால் பலகையைப் பார்ப்பதில்லை. வாசலில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவான். ராம்பிரவேஷ்... ஹா ஜீ. மனோஜ்... ஹா ஜீ. சோட்டேலால்... ஹா ஜீ. வடிவு... வந்துட்டேன். அதற்குப் பிறகும் ஒரு நிமிஷம் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பான். அப்புறம்தான் சுவிட்ச்.

தை பிறந்தது. ஏழாவது பாத்தியில் காலியாக இருந்த இடத்தில் புதுச் செடி வைத்தார்கள். நன்றாகத்தான் பிடித்து வந்தது. இரண்டு வாரத்தில் அங்கே மட்டும் மாவு.

கூடாரம் முழுக்க இலை பளபளவென்று இருக்கிறது. பத்தொன்பது பாத்தி சுத்தம். ஏழாவதில் அந்த ஓர் இடம் வெள்ளை. கிள்ளிப் போட்டார்கள். புது இலையில் வந்தது. செடியையே பிடுங்கிவிட்டு வேறு வைத்தார்கள். அதிலும் வந்தது. முதலில் திட்டுத் திட்டாக இருந்தது. போகப் போக ஓரம் கூடி வந்தது. ஜெயபால் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டான்.

ஸ்ரீவத்ஸன் வந்தார். குனிந்து பார்த்தார். சட்டத்தைப் பார்த்தார். விளக்கெல்லாம் எரிகிறதா என்று கருவி வைத்து அளந்தார். எல்லாம் சரி.

"ஸ்ட்ரேஞ்ச். மத்த எல்லா எடத்துலயும் லைட் பட்டிருக்கு, ஃபங்கஸ் போயிடுச்சு. இங்க லைட்டே படல. நடுவுல ஏதோ மறைக்குது. டெய்லி மறைக்குது." நிமிர்ந்து, இரண்டு அடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார். சிரித்தார். "யாரோ ஒருத்தர் படுத்துத் தூங்கற மாதிரி ஷேப், இல்ல? பாத்தீங்களா, இது தலை... இது முட்டி."

யாரும் சிரிக்கவில்லை. ஸ்ரீவத்ஸன் போனை எடுத்து நேரம் பார்த்துவிட்டு அடுத்த கூடாரத்துக்குப் போனார்.

வடிவு அங்கேயே நின்றாள். ஒருக்களித்துப் படுத்த ஆள். முழங்கால் மடங்கியிருக்கிறது. ஒரு கை தலைக்கு அடியில். இன்னொரு கை முன்னால் நீண்டு, பக்கத்தில் இடம் விட்டு...

பதினோரு வருஷம் அந்தக் கைக்கு இந்தப் பக்கம் படுத்தவள் அவள்.

அன்று ராத்திரி பத்து மணி. அதே கரை ரோடு. கேரியரில் வடிவு.

"அண்ணா, அன்னிக்கு அவரு உள்ளதான இருந்தாரு?"

ஜெயபால் மிதித்தான்.

"கேக்குறேன்ல."

"இல்லம்மா. போயிட்டான்னு சொன்னேன்ல."

"வண்டிய நிறுத்து."

நிறுத்தினான். பனி. பின்னால் எங்கேயோ நீல்காய் மான் ஒன்று கனைத்தது. வடிவு இறங்கி அவன் முன்னால் வந்து நின்றாள். முகம் தெரியவில்லை. மூச்சுப் புகை மட்டும் தெரிந்தது.

"என் தலையில கைய வச்சு சத்தியம் பண்ணு."

"எதுக்கும்மா இதெல்லாம்..."

"பண்ணு."

வைத்தான். அவள் முக்காடு ஈரமாக இருந்தது.

"சத்தியமா உள்ள இல்ல."

கூடப் பிறந்தவள் தலைமேல் பொய்ச் சத்தியம். அவள் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். மிதித்தான்.

பதினொன்றரைக்குப் பெயர் கூப்பிட்டான். ஹா ஜீ. ஹா ஜீ. ஹா ஜீ.

"வடிவு?"

"வந்துட்டேன்."

குரல் அவனுக்குப் பின்னாலிருந்துதான் வந்தது. வெளியேதான் நின்றாள். அவள் பழப்பெட்டி அடுக்குகிற அறைப் பக்கம் நடந்து போவதையும் பார்த்தான். ஒரு நிமிஷம் நின்று கேட்டான். கூடாரத்துக்குள் ஒரு சத்தமும் இல்லை. சுவிட்சைப் போட்டான்.

கீ... கீ... கீ...

தகர அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாத்தியாக எண்ணினான். அந்த டிசம்பருக்குப் பிறகு எண்ணாமல் அவனால் இருக்க முடிவதில்லை. ஒன்று. இரண்டு. ஆறு முடிந்தது. ஏழு...

சத்தம் நின்றது.

ஒயரை அவனே மாற்றிக் கட்டியிருந்தான். சிக்குவதற்கு அங்கே ஒன்றும் கிடையாது.

இந்தமுறை போர்வைக்குள் படுத்துக்கொள்ளவில்லை. எழுந்தான். வாசல்வரை போனான். பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம் அந்த நீல வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றிருந்தது. முடி கருகின நாற்றம். கையைச் சுவிட்ச்மேல் வைத்தான். வைத்த கை அங்கேயே இருந்தது. அணைத்தால் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பார்த்தால் யாராவது இருப்பார்கள். பார்க்காவிட்டால் யாரும் இல்லை.

பேர் எல்லாம் கூப்பிட்டாகிவிட்டது... எல்லோரும் வெளியே... என்று தனக்குத்தானே சொன்னான். பெட்டி அறையைத் திரும்பிப் பார்த்தான். கதவு சாத்தியிருந்தது. போய்த் தட்டவில்லை. கையை எடுத்துவிட்டு வாசலிலேயே குந்தி உட்கார்ந்தான்.

இரண்டு மணிக்கு நீலம் அணைந்தது. இருட்டு. நாலு மணி நேரம். உள்ளே ஒரே ஒருமுறை வைக்கோல் நெரிகிற சத்தம். தூக்கத்தில் ஆள் புரண்டு படுத்தால் வருமே, அந்தச் சத்தம். ஏழாவது பாத்தியில் வைக்கோலை எடுத்துவிட்டு ஒரு மாதம் ஆகிறது.

ஆறு மணிக்கு வாசல் திரையைத் தள்ளிக்கொண்டு வடிவு வெளியே வந்தாள்.

தலைமுடியில் இலைத் துணுக்கு. புடவை முதுகில் ஈர மண். அவள் அவனைத் தாண்டிப் போய்ப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீ வாசல்ல நிக்கும்போது பின்பக்கமா போயிட்டேன்" என்றாள்.

அவன் எழுந்து அவள் எதிரே வந்து நின்றான்.

"சுடலண்ணா. ஒண்ணுமே தெரியல. வெதவெதப்பா இருந்துச்சு, அவ்ளோதான். தூக்கம்கூட வந்துச்சு. ரெண்டு மாசத்துல இன்னிக்குத்தான் தூங்கினேன்." முடியிலிருந்த இலைத் துணுக்கை எடுத்துப் போட்டுவிட்டு, "அவருக்கும் வலிச்சிருக்காது. தூங்கிட்டாரு. நடுவுல எங்கயும் போவல" என்றாள்.

ஜெயபால் அப்போதுதான் உடைந்தான். "பலகையில செருப்பு இல்ல வடிவு... செருப்பு இல்லன்னதும் எல்லாரும் வந்துட்டாங்கன்னு... சத்தம் நின்னுச்சு, எனக்குக் கேட்டுச்சு, நான் எழுந்துக்கல... காலையில தடத்தக்கூட நான்தான் அழிச்சேன்..."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அடிக்கவில்லை. திட்டவில்லை.

"இத காலனியில வந்து சொல்லு. குருசாமிகிட்டயும் சொல்லு."

"சொல்றேன்."

சொன்னான். அன்று சாயங்காலமே, தண்ணீர் பிடிக்கிற இடத்தில், எல்லோரும் நிற்கும்போது. அப்புறம் வேலை போனதும், போலீஸ் வந்ததும், வடிவு அவனோடு பேசுவதை விட்டதும் வேறு கதை. வேலு அதைச் சொல்ல மாட்டார். நான் சொல்ல வந்ததும் அது இல்லை.

அதற்கு முன்னால், அன்று காலையில் அவளைக் கேரியரில் வைத்து மிதித்துக்கொண்டு நரேலா டிஸ்பென்சரிக்குப் போனான். ஏழு மணிக்கு அவள் கன்னம் லேசாகச் சிவந்திருந்தது. எட்டு மணிக்குக் கழுத்து. ஒன்பது மணிக்கு வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, அடுப்பில் வைத்த தோசைக்கல் சூடேறுகிற மாதிரி, முகம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஜெயபால் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றி சிவந்தது. மூக்கு நுனி சிவந்தது. தாடை சிவந்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் சிவக்கவில்லை. சுற்றிலும் சிவக்கச் சிவக்க அதன் ஓரம் தெளிவாகிக்கொண்டே வந்தது.

அங்கே நர்ஸ் அக்னஸ் என்று ஒருவர். நாகர்கோவில் பக்கம். தமிழ் ஆட்கள் வந்தால் அவர்தான் பார்ப்பார். வடிவின் முகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"என்னக்கா இது, வெல்டிங் பட்டறையிலயா நின்னிய? இப்படி வெந்து போயிருக்கு... கண்ணு உறுத்துதா? மண்ணு விழுந்த மாதிரி?"

"இல்ல."

"தொறங்க பாப்போம்." டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணும் வெள்ளையாக, சுத்தமாக இருந்தன. "கர்த்தர் காப்பாத்தினாரு. நல்லவேளை, கைய வச்சுக் கண்ணப் பொத்திக்கிட்டிய. பொத்தின எடம் மட்டும் அப்படியே தப்பிச்சிருக்கு பாருங்க... அஞ்சு விரலும் தெரியுது."

ஜெயபாலும் பார்த்தான். வலது காதுப் பக்கத்திலிருந்து இரண்டு கண்ணையும் மறைத்து, இடது நெற்றிப் பொட்டுவரை. பக்கத்தில் படுத்திருக்கிறவர் கையை நீட்டிப் பொத்தினால் எப்படி விழுமோ, அப்படி. அகலமான கை.

"மருந்து போடணும். கைய இப்படி மேசை மேல வைங்கக்கா" என்றார் அக்னஸ்.

வடிவு முக்காட்டுக்குள் இருந்து இரண்டு கையையும் எடுத்து மேசைமேல் மல்லாத்தி வைத்தாள். இரண்டு உள்ளங்கையும், விரல் நுனியிலிருந்து முழங்கைவரை, ஓர் இடம் விடாமல் வெந்திருந்தன.